பழைய சாவியும் பால்மாவு அலமாரியும்



என் மேசை இழுப்பறையில் ஒரு பழைய கார்ச் சாவி கிடக்கிறது. அதற்குரிய கார் இப்போது இல்லை. என் தகப்பனார் அந்தக் காரைப் பழைய இரும்புக்காரரிடம் தள்ளிவிட்டு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. சாவி மட்டும் என்னிடம் தங்கிவிட்டது.

சென்ற வாரம் சிவப்புப் பேனா எடுத்து வரச் சொல்லி ஒரு மாணவனை அனுப்பினேன். பேனாவோடு சாவியையும் தூக்கிக்கொண்டு வந்தான். "சார், இது எந்தப் பூட்டைத் திறக்கும்?" என்று கேட்டான்.

"பல பூட்டுகளைத் திறக்கும்" என்றேன்.

அவன் நம்பவில்லை. "ஒரு பூட்டுக்கு ஒரு சாவிதானே சார்?" என்றான்.

நம்மில் பெரும்பாலோர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். வீட்டைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டால், இந்த உலகத்தில் அந்தக் கதவைத் திறக்கக்கூடியவர் நாம் ஒருவரே என்று நிம்மதியாக வேலைக்குப் போகிறோம். அந்த நிம்மதி எவ்வளவு தூரம் சரி என்பதைத்தான் இந்த மாதம் உங்களோடு பேசப் போகிறேன். கூடவே, பிள்ளைப் பருவத்தில் நான் செய்த ஒரு தவற்றையும் சொல்லப் போகிறேன்.

பூட்டுக்குள் என்ன இருக்கிறது?

பழைய கார்ப் பூட்டைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு சிறிய உருளை இருக்கும். அந்த உருளைக்குள் மெல்லிய பித்தளைத் தகடுகள் ஐந்தோ ஆறோ வரிசையாக நிற்கும. ஒவ்வொரு தகட்டின் நடுவிலும் ஓர் ஓட்டை. ஒவ்வொன்றையும் தள்ளிக்கொண்டு ஒரு சின்ன வில். சாவி இல்லாத நேரத்தில் இந்தத் தகடுகள் உருளையின் விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு, சுற்றியுள்ள கூட்டின் பள்ளத்தில் மாட்டிக்கொள்ளும். உருளை சுழலாது. சரியான சாவி உள்ளே போனால், அதன் மேடு பள்ளத்துக்கு ஏற்ப ஒவ்வொரு தகடும் தனக்குரிய அளவு நகர்ந்து உருளைக்குள் அடங்கும். எல்லாத் தகடுகளும் ஒன்றுபோல் அடங்கிய பிறகே உருளை சுழலும். பூட்டு திறக்கும்.

பெரட்டுக் களத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்துவதைப்போலத்தான். ஒருவர் முன்னே நின்றாலும் ஒருவர் பின்னே நின்றாலும் வரிசை கோணலாகிவிடும்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். தகடுகள் ஐந்து என்றும், ஒவ்வொரு தகட்டுக்கும் மூன்று அளவுகள் உண்டு என்றும் வைத்துக்கொள்வோம். மூன்றை ஐந்து முறை பெருக்கினால் 243. ஆக, மொத்தமே 243 விதமான சாவிகள்தாம் செய்ய முடியும். அவற்றிலும் மேடு பள்ளமே இல்லாத சாவிகளையும் எளிதில் ஏமாந்துபோகும் சாவிகளையும் தள்ளிவிட வேண்டும். மிஞ்சுவது இன்னும் குறைவு.

எண்பதே சாவிகள்

1950, 1960ஆம் ஆண்டுகளில் வந்த பல பிரிட்டிஷ் கார்களின் சாவியைப் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அதன் மேல் "எஃப்.எஸ்." என்ற இரண்டு எழுத்துகளும் மூன்று இலக்க எண் ஒன்றும் பொறித்திருக்கும். அந்த எண் 876இல் தொடங்கி 955இல் முடியும். இதை வகுப்பில் சொல்லி, மொத்தம் எத்தனை சாவிகள் என்று கேட்டேன். பாதிப் பேர் 79 என்றார்கள். முதல் எண்ணையும் சேர்த்து எண்ண வேண்டும் அல்லவா? விடை 80.

எண்பதே வகைச் சாவிகள்! ஆனால் கார்களோ லட்சக்கணக்கில் ஓடின. மோரிஸ் மைனரை எடுத்துக்கொள்ளுங்கள். 1948இல் வெளிவந்த அந்தக் கார் ஒன்று மட்டுமே மொத்தம் 16 லட்சத்துக்கு மேல் உற்பத்தியாயிற்று. நம் நாட்டுச் சாலைகளிலும் ஒரு காலத்தில் அது எங்கும் ஓடியது. எண்பது வகைச் சாவியை வைத்துக்கொண்டு இத்தனை கார்களுக்குத் தனித்தனிச் சாவி கொடுப்பது எப்படி?

அந்த வகைக் கார்கள் 81 ஒரு திடலில் நின்றால், அவற்றில் குறைந்தது இரண்டுக்கு ஒரே சாவி இருந்தே தீரும். அதிர்ஷ்டம் என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. இன்னும் சற்று நுணுக்கமாகக் கணக்குப் போட்டால், எண்பது எண்களும் சமமாகப் பரவியிருக்கும் பட்சத்தில், 11 கார்கள் நின்றாலே ஏதாவது இரண்டுக்கு ஒரே சாவி இருக்கும் வாய்ப்பு பாதிக்கு மேல்.

அந்தக் காலத்தில் இதை யாரும் பெரிய குறையாக எண்ணவில்லை. சாவி தொலைந்தால் எண்ணைச் சொல்லிக் கடையில் வேறு வாங்கிக்கொள்ளலாம். எண் மறந்துபோனால், பல கார்களில் அது பூட்டின் முகத்திலேயே பொறித்திருக்கும். காருக்குச் சொந்தக்காரருக்கு இது பெரிய வசதி. திருடனுக்கும் அதே வசதி என்பதுதான் கோளாறு.

இதோடு தேய்மானமும் சேர்ந்துகொள்கிறது. பத்து இருபது ஆண்டுகள் நுழைத்து இழுத்த சாவியின் மேடுகள் மழுங்கிவிடும். பூட்டுக்குள் இருக்கும் தகடுகளும் தேயும். தேய்ந்த பூட்டு தன் சாவி எது, அயலார் சாவி எது என்று பார்க்காது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே சாவியை உருவிக் கையில் எடுக்கக்கூடிய பழைய கார்களைப் பார்த்திருப்பீர்கள். எல்லாம் தேய்மானம்தான்.

கப்சாய் மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கும் இது புதிதல்ல. என் மைத்துனர் ஒரு தடவை கோயில் திருவிழா முடிந்து, இருட்டில் தன் வண்டி என்று எண்ணி, அதே நிறத்து வேறொரு வண்டியில் ஏறி, தன் சாவியாலேயே கிளப்பி வீடு வந்து சேர்ந்துவிட்டார். காலையில் எண் பட்டையைப் பார்த்த பிறகுதான் அவருக்கு வியர்த்தது. ஓட்டமாகப் போய் ஒப்படைத்து, நல்லவேளையாக ஒரு கோப்பியோடு தப்பித்தார்.

சில இடங்களில் வேண்டுமென்றே ஒரே சாவி வைப்பதும் உண்டு. டிராக்டர், மண்வாரி, புல்டோசர் முதலிய இயந்திரங்களைப் பல ஓட்டுநர்கள் மாறி மாறி ஓட்டுவார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சாவி என்றால் வேலை நின்றுபோகும். அதனால் ஒரே நிறுவனத்தின் பல இயந்திரங்களுக்கு ஒரே சாவிதான். கேட்டர்பில்லர் நிறுவனத்தின் சாவி ஒன்றைக் கையில் வைத்திருந்தால், அதன் பெரும்பாலான இயந்திரங்களைக் கிளப்பிவிடலாம்.

கார்ப் பூட்டில் இருக்கும் அதே தகட்டு முறைதான் அலுவலக அலமாரி, மேசை இழுப்பறை, தபால் பெட்டி, பெட்ரோல் தாங்கியின் மூடி எல்லாவற்றிலும் இருக்கிறது. சாவி நுழையும் வாயும் பல வேளைகளில் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும். ஆகவே கார்ச் சாவி அலமாரியைத் திறந்தது என்று யாராவது சொன்னால் சிரித்துவிடாதீர்கள். நான் என் கையாலேயே திறந்திருக்கிறேன்.

ஆயாக் கொட்டகையில் நடந்தது

1988ஆம் ஆண்டு. நான் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். அப்பா தோட்டத்தில் லோரி ஓட்டினார். இங்கிலாந்தில் செய்த சின்னக் கார் ஒன்றை மூன்றாம் கைக்கு வாங்கிச் சில காலம் வைத்திருந்து, எஞ்சின் போன பிறகு இரும்பு விலைக்குக் கொடுத்துவிட்டார். அதன் சாவி எனக்கு விளையாட்டுச் சாமான் ஆயிற்று. கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, வாயால் ஹார்ன் அடித்தபடி லயத்தைச் சுற்றி ஓடுவேன்.

பள்ளி விட்டதும் ஆயாக் கொட்டகைக்குப் போவது என் வழக்கம். என் தம்பி அங்கே தொட்டிலில் கிடப்பான். அம்மா பால் மரம் வெட்டிவிட்டு வரும்வரை நானும் அங்கேயே இருப்பேன். கொட்டகையின் மூலையில் பச்சை வர்ணம் அடித்த இரும்பு அலமாரி ஒன்று இருந்தது. பிள்ளைகளுக்குக் கலக்கும் பால்மாவு டின்கள் அதற்குள்தான் இருக்கும். அதற்கு இரண்டு சாவிகள். ஒன்று ஆபீசில் இருந்தது. மற்றொன்று ஆயாவின் இடுப்பில்.

ஒருநாள் ஆயா பின்புறம் துணி காயப்போடப் போயிருந்தார். நான் விளையாட்டாக என் சாவியை அலமாரிப் பூட்டில் நுழைத்தேன். நுழைந்தது. திருப்பினேன். திரும்பியது. கதவு திறந்துகொண்டது. எனக்கு மூச்சே நின்றுவிட்டது. திறந்திருந்த டின்னிலிருந்து ஒரு கை பால்மாவை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, அலமாரியைப் பூட்டிவிட்டு ஓடிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஆபீசில் கணக்குப் பார்த்தபோது இரண்டு டின் பால்மாவு குறைந்தது. பூட்டு உடையவில்லை, கதவு நெளியவில்லை. ஆபீஸ் சாவி ஆணியில் தொங்கியபடியே இருந்தது. அப்படியானால் எடுத்தது யார்? விசாரணை என்று எதுவும் நடக்கவில்லை. "சாவி உன்கிட்டதானே இருந்துச்சு?" என்ற ஒரே கேள்விதான். மறுநாளே ஆயாவைக் கொட்டகை வேலையிலிருந்து எடுத்துப் புல்வெட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஐம்பது வயது தாண்டிய அம்மாள் அவர். எங்கள் லயத்தில் பாதிப் பிள்ளைகள் அவர் மடியில் வளர்ந்தவர்கள். அந்த லயத்திலேயே சிலர் அவரைக் கண்டால் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

எனக்கு எல்லாம் தெரியும். ஆனாலும் வாய் திறக்கவில்லை. நான் தின்றது ஒரு கை மாவுதான், டின்னை எடுக்கவில்லை என்று மனத்துக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். சொன்னால் பிரம்படி விழும் என்ற பயம். சாவியைக் கழுத்திலிருந்து கழற்றி அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன்.

நான்காம் நாள் காலை பள்ளிக்குப் போகும் வழியில் புல்வெட்டுக் கூட்டம் எதிரே வந்தது. கடைசி ஆளாக ஆயா வந்தார். செருப்பு இல்லாத காலில் கந்தலைச் சுற்றியிருந்தார். என்னைக் கண்டதும் நின்று, "பசியாறிட்டியா ராசா? தம்பி அழுவாம இருக்கானா?" என்று கேட்டார்.

அன்று பள்ளியில் எனக்கு ஒரு பாடமும் ஏறவில்லை. இரவு அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன்.

அப்பா அடிக்கவில்லை. சாவியை வாங்கி விளக்கடியில் வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விடியற்காலையில் என் கையைப் பிடித்துக்கொண்டு நேரே ஆபீசுக்குப் போனார். கிராணி முதலில் கேட்கவே இல்லை. "சின்னப் பிள்ளை சொல்றதை ஒரு பேச்சுன்னு தூக்கிட்டு வர்றியே" என்றார்.

"என் பேச்சை நம்ப வேணாம் கிராணி ஐயா. சாவி இந்தா இருக்கு. நீங்களே தொறந்து பாருங்க" என்றார் அப்பா.

எல்லாரும் கொட்டகைக்குப் போனோம். கிராணி சாவியை நுழைத்துத் திருப்பினார். திறந்தது. பூட்டினார், மறுபடியும் திறந்தார். மூன்று முறை அப்படிச் செய்தார். அப்போது அப்பா மெதுவாகக் கேட்டார்: "இந்த மாதிரி பழைய சாவி இந்தத் தோட்டத்துல எத்தனை வீட்டுல கெடக்கும் ஐயா?"

அங்கே இங்கே தேடியதில் பழைய கார்ச் சாவிகள் ஏழு கிடைத்தன. அவற்றில் இன்னொன்றும் அந்த அலமாரியைத் திறந்தது.

பால்மாவை யார் எடுத்தார்கள் என்பது கடைசிவரை தெரியவில்லை. ஆயாவைத் திரும்பவும் கொட்டகைக்கு வரச் சொன்னார்கள். மன்னிப்பு என்ற சொல் யார் வாயிலிருந்தும் வரவில்லை. புதுப் பூட்டு வாங்கித் தருவதாகச் சொன்னபோது ஆயா சொன்ன பதில் இன்றும் என் காதில் இருக்கிறது.

"பூட்டு எதுவா இருந்தா என்னங்க? எனக்கு ஒரு கணக்குப் புத்தகம் கொடுங்க. தெனம் சாயங்காலம் ரெண்டு தாய்மாரு முன்னால டின்னை எண்ணி எழுதட்டும்."

அவருக்கு எழுதத் தெரியாது. எழுதும் வேலை எனக்கு வந்தது. பிரம்படிக்குப் பதிலாக அப்பா எனக்குக் கொடுத்த தண்டனை அதுதான். ஆறாம் ஆண்டு முடியும்வரை ஒவ்வொரு மாலையும் தேதி போட்டு, டின் எத்தனை என்று எழுதி, இரண்டு தாய்மார்களிடம் கைநாட்டு வாங்கினேன். அதன் பிறகு ஒரு டின்கூடக் குறையவில்லை.

இன்றைய சாவிகள்

இப்போது வரும் கார்ச் சாவிகள் வேறு வகை. சாவியின் தலைக்குள் நெல்மணி அளவில் ஒரு மின்னணுச் சில்லு இருக்கிறது. சாவியைப் போடும் இடத்தைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் அந்தச் சில்லிடம் அடையாளம் கேட்கும். சரியான விடை வந்தால்தான் எஞ்சின் ஓடும். சாவியை அச்சு அசலாக வெட்டி வந்தாலும் கதவு திறக்குமே தவிர வண்டி கிளம்பாது. பிரிட்டனில் 1998 அக்டோபர் முதல் புதிய கார்களுக்கு இந்தப் பாதுகாப்பைக் கட்டாயமாக்கினார்கள்.

இது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. அமெரிக்காவில் இந்தச் சாதனம் பொருத்தாமல் விற்ற சில வகைக் கார்களை, 2021, 2022ஆம் ஆண்டுகளில் இளைஞர்கள் கூட்டம் கூட்டமாகத் திருடினார்கள். அவர்களுக்குச் சாவியாகப் பயன்பட்டது கைப்பேசிக்கு மின்னேற்றும் கம்பியின் முனை!

காருக்குத்தான் புதிய காவல் வந்திருக்கிறது. நம் வீட்டு அலமாரியும் பள்ளிச் சாமான் அறையும் கோயில் உண்டியலும் பெரும்பாலும் பழைய தகட்டுப் பூட்டையும் மலிவான தொங்கு பூட்டையும் நம்பித்தான் இருக்கின்றன.

நாம் செய்ய வேண்டியவை

ஒரு விடுமுறை நாளில் உங்கள் வீட்டுச் சாவிகளை எல்லாம் ஒன்றுசேர்த்து, உங்கள் வீட்டுப் பூட்டுகளில் மட்டும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். அடுத்தவர் பூட்டில் ஒருபோதும் முயலாதீர்கள், அது குற்றம். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

கடையில் இரண்டு தொங்கு பூட்டு வாங்கினால், சாவிகளில் பொறித்திருக்கும் எண்ணைப் பாருங்கள். ஒரே வகைப் பூட்டில் இரண்டுக்கும் ஒரே எண் இருந்தால் இரண்டுக்கும் ஒரே சாவிதான். இரண்டு பேர் பொறுப்பில் இருக்கட்டும் என்று உண்டியலுக்கு இரண்டு பூட்டுப் போடும் கோயில்காரர்கள் இதை அவசியம் கவனிக்க வேண்டும்.

அலமாரிப் பூட்டின் முகத்தில் எண் பொறித்திருந்தால், அதை ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டு, பூட்டின் மேல் சிறு வர்ணம் பூசி மறைத்துவிடுங்கள். மிகவும் தேய்ந்த பூட்டை மாற்றிவிடுங்கள். அதற்குச் செலவாகும் சில வெள்ளியைப் பார்க்காதீர்கள்.

பொதுச் சாமான் எதுவானாலும் கணக்குப் புத்தகம் ஒன்று வையுங்கள். எண்ணும்போது இரண்டு பேர் இருங்கள். சாவியை வைத்திருப்பவருக்கு அந்தப் புத்தகம்தான் காவல். அது இல்லாமல் ஒருவரிடம் சாவியை மட்டும் கொடுத்தால், பொருளோடு பழியையும் அவர் தலையில் ஏற்றி வைக்கிறோம் என்று பொருள்.

கடைசியாக ஒன்று. ஏதாவது பொருள் காணாமல் போனால், "சாவி அவளிடம்தானே இருந்தது" என்று உடனே சொல்லிவிடாதீர்கள். எண்பது சாவிக் கணக்கை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். தோட்டத்தில் சாவி வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் எளியவர்கள். ஆயாவும், காவல்காரரும், கோயில் பண்டாரமும், ஸ்டோர் ஆளும்தான். தங்களுக்காகப் பேச அவர்களுக்கு ஆள் கிடையாது. நடந்ததை அறிந்தவர் பக்கத்தில் நின்று வாயை மூடிக்கொண்டிருந்தால் அவர்கள் கதி என்ன என்பதை நான் ஒன்பது வயதில் நான்கு நாள் பார்த்தேன்.

அந்த ஆயா காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அவர் கேட்டு வாங்கிய கணக்குப் புத்தகங்களில் ஒன்று சாவியோடு என் இழுப்பறையில் இருக்கிறது. சாவியை எடுத்து வந்த மாணவனிடம் அந்தப் புத்தகத்தையும் காட்டினேன். என் கோணல் எழுத்தைப் பார்த்து முதலில் சிரித்தான். கதையைக் கேட்ட பிறகு, "நீங்க ஏன் சார் மொத நாளே சொல்லல?" என்று கேட்டான்.

அவனுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் தாங்கள் செய்த தவற்றைப் பயமில்லாமல் முதல் நாளே உங்களிடம் வந்து சொல்லும்படி நடந்துகொள்ளுங்கள் என்பதைத்தான் பதிலாக உங்களிடம் வைக்கிறேன்.